ஸ்ட்ரீமிங் ஆம்ப்ளிஃபயர் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு ஜோடி ஸ்பீக்கர், கையில் போன், மாதச் சந்தாவில் ஒரு பாட்டுச் செயலி. இந்த மூன்றையும் சேர்த்துவைக்க எதை வாங்குவது என்று உறவினர்களும் நண்பர்களும் கேட்டபடியே இருக்கிறார்கள். ஒரே பதிலை எட்டாவது முறையாகப் போனில் சொல்வதைவிட எழுதிவைப்பது மேல் என்று தோன்றியது. நான் கடை வைத்திருப்பவன் இல்லை. பாட்டுக் கேட்பவன், சில தப்புகளைக் காசு கொடுத்துச் செய்து பார்த்தவன்.

ஸ்ட்ரீமிங் ஆம்ப்ளிஃபயர் என்பது என்ன?

மூன்று வேலைகளை ஒரே பெட்டிக்குள் அடைத்த சாதனம். வைஃபை வழியாக இணையத்திலிருந்து பாட்டை வாங்கும் ஒரு சிறு கணினி. அந்த எண்களை மின் அலையாக மாற்றும் டாக் என்ற சில்லு. அந்த அலைக்கு ஸ்பீக்கரை அசைக்கும் வலுவைத் தரும் ஆம்ப்ளிஃபயர். பின்புறம் சிவப்பும் கருப்புமாக நான்கு முனைகள் இருக்கும். அவற்றில் ஸ்பீக்கர் வயரை மாட்டி, பிளக்கைச் செருகி, போனில் அதன் செயலியை நிறுவினால் பாட்டு வரும்.

முப்பது வருடங்களுக்கு முன் ரேடியோ, கேசட் டெக், ஆம்ப்ளிஃபயர் என்று ஷோகேஸின் ஒரு தட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது, இன்று ஒரு டிபன் டப்பா அளவுக்குச் சுருங்கிவிட்டது. சுருங்கியதற்கு முக்கியக் காரணம் கிளாஸ் டி என்ற ஆம்ப்ளிஃபயர் முறை. பழைய வகை ஆம்ப்ளிஃபயர்கள் வாங்கும் மின்சாரத்தில் பெரும்பங்கைச் சூடாக வெளியே விட்டுவிடும். கிளாஸ் டி நன்றாக ஓடும்போது 90 சதவீதம் வரை ஸ்பீக்கருக்கே அனுப்பிவிடுகிறது. அதனால் கனத்த ட்ரான்ஸ்ஃபார்மரும் பெரிய அலுமினியச் சிறகுகளும் தேவையற்றுப் போயின. ‘டி’ என்றால் டிஜிட்டல் என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். ஏ, பி, சிக்கு அடுத்த எழுத்து, அவ்வளவுதான்.

ப்ளூடூத் ஸ்பீக்கர் போதாதா?

சமையலறைக்குப் போதும். கூடத்தில் உட்கார்ந்து கேட்க எனக்குப் போதவில்லை. ஒலித்தரத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு.

ப்ளூடூத்தில் பாட்டு உங்கள் போன் வழியாகத்தான் போகிறது. போன் வந்தால் பாட்டு நிற்கும். காய்கறி வாங்க நீங்கள் கீழே இறங்கினால் வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பவருக்குப் பாட்டு விக்கி விக்கி அறுந்துபோகும். வைஃபையில் வேலை செய்யும் ஸ்ட்ரீமிங் பெட்டிக்குப் போன் வெறும் ரிமோட்தான். ஸ்பாட்டிஃபை கனெக்ட் முறையில் ‘இந்தப் பாட்டைப் போடு’ என்று போன் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறது. பாட்டை ஸ்பாட்டிஃபை சர்வரிலிருந்து பெட்டியே நேராக வாங்கிக்கொள்கிறது. போனை அணைத்து வைத்தாலும் பாட்டு ஓடும். இந்த ஒரு வசதிக்குப் பழகிவிட்டவர் யாரும் திரும்ப ப்ளூடூத்துக்குப் போனதை நான் பார்த்ததில்லை.

வீட்டில் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருக்கிறது. அதைத் தூக்கிப்போட வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். இரண்டு பக்கமும் ஒழுங்காகச் சத்தம் வந்து, வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரக்காமல் இருந்தால், ஸ்ட்ரீமர் என்ற சின்னப் பெட்டியை மட்டும் வாங்கி, பழைய ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் துளையில் மாட்டுங்கள். ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் பாட்டை இறக்கித் தரும் வேலையை மட்டும் செய்யும் பெட்டி அது. செலவு பாதிக்கும் கீழே. குமிழ் மட்டும் கரகரத்தால் காண்டாக்ட் கிளீனர் ஒரு பீய்ச்சு, பத்து முறை திருப்பல், பெரும்பாலும் சரியாகிவிடும்.

எத்தனை வாட் வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஒரு வரலாறு உண்டு. தொண்ணூறுகளில் டூ இன் ஒன் மீதும் டிவி மீதும் ‘1000 வாட் பிஎம்பிஓ’ என்று பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். பிஎம்பிஓ என்பதை அளக்க எந்தப் பொது விதியும் கிடையாது; அவரவர் இஷ்டப்படி எழுதிக்கொண்டார்கள். ஆறு பேட்டரியில் ஓடும் பெட்டி ஆயிரம் வாட் தரும் என்று ஒரு தலைமுறையே நம்பியது. அந்த நம்பிக்கை இன்னும் முழுதாகக் கலையவில்லை. சென்னை ரிச்சி தெருவில் கேட்டாலும் முதல் கேள்வி ‘எத்தனை வாட் வேணும் சார்?’ என்பதுதான்.

கணக்கைப் பார்ப்போம். சாதாரண புத்தக அலமாரி ஸ்பீக்கர் ஒன்றுக்கு 1 வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தள்ளி 86 டெசிபல் அளவுக்குச் சத்தம் கேட்கும் என்று அதன் விவரத் தாளில் இருக்கும். நீங்கள் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள். தூரத்தால் கொஞ்சம் குறையும். இரண்டு ஸ்பீக்கர் இருப்பதாலும் சுவர்கள் திருப்பி அனுப்புவதாலும் கொஞ்சம் கூடும். எப்படியும் 80 டெசிபலுக்கு மேல் வரும். இரண்டு பேர் பேசிக்கொள்ளும் சத்தம் 60 டெசிபல் அளவுதான். அதாவது தினசரி நீங்கள் கேட்பதெல்லாம் ஒரு வாட்டுக்குள் முடிந்துவிடுகிறது.

பிறகு எதற்கு 60 வாட்? தனி ஆவர்த்தனத்துக்கு. மிருதங்கத்தில் ஓங்கி விழும் ஒரு ‘தோம்’, சுற்றியிருக்கும் சராசரிச் சத்தத்தைவிட 15 டெசிபல் மேலே எழும்பக்கூடும். 10 டெசிபல் கூடினால் பத்து மடங்கு வாட், 15 டெசிபலுக்கு முப்பது மடங்குக்குக் கொஞ்சம் மேல். ஒரு வாட்டில் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அந்த ஒரு கணத்தில் முப்பது வாட் தேவைப்படும். அதைத் தர முடியாத ஆம்ப்ளிஃபயரில் தொப்பியின் (மிருதங்கத்தின் இடப்பக்கத்தின்) கும்கி நாதம் தட்டையாக, அட்டையில் தட்டியதுபோலக் கேட்கும்.

ஆகவே 8 ஓமில் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை) 50, 60 வாட் என்று ஒழுங்காக அளந்து எழுதிய பெட்டி ஒரு நடுத்தரக் கூடத்துக்குத் தாராளம். 60க்குப் பதில் 120 வாங்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு ‘கொஞ்சம் கூடியிருக்கிறதோ’ என்று தோன்றும் அளவு. விவரத் தாளில் வாட் எண்ணுக்குப் பக்கத்தில் ‘10 சதவீத டிஸ்டார்ஷன்’ என்று இருந்தால், அந்த எண் பாட்டு சிதைந்துபோன நிலையில் அளந்தது. 1 சதவீதமோ அதற்குக் குறைவோ போட்டிருப்பதை மட்டும் ஒப்பிடுங்கள்.

ஸ்பீக்கருக்கு எவ்வளவு, பெட்டிக்கு எவ்வளவு செலவிடலாம்?

மூன்றில் இரண்டு பங்கு ஸ்பீக்கருக்கு. நல்ல ஸ்பீக்கரையும் சுமாரான ஸ்பீக்கரையும் மாற்றி மாற்றிக் கேட்டால் பாட்டில் நாட்டமே இல்லாதவர்கூட வேறுபாட்டைச் சொல்லிவிடுவார். ஒழுங்காகச் செய்த இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை அப்படி மாற்றினால் சொல்வது கஷ்டம், நானே தோற்றிருக்கிறேன். ஸ்பீக்கரின் பின்னால் 4 ஓம் என்று எழுதியிருந்தால் மட்டும், பெட்டி 4 ஓமைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 6, 8 ஓமுக்குக் கவலையே இல்லை.

நான் கேட்கும் செயலி அதில் வேலை செய்யுமா?

வாங்கும் முன் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். வாட்டை ஒரு மணி நேரம் ஆராய்ந்துவிட்டு இதை இரண்டு நிமிடத்தில் முடித்தவர்கள்தான் பிறகு வருத்தப்படுகிறார்கள்.

ஸ்பாட்டிஃபை என்றால் சிக்கல் இல்லை. ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் கனெக்ட் இருக்கிறது. ஐபோனில் ஆப்பிள் மியூசிக் கேட்பவருக்குப் பெட்டியில் ஏர்ப்ளே 2 வேண்டும்; வைஃபை வழியாகப் பாட்டைப் பெட்டிக்கு அனுப்பும் ஆப்பிளின் முறை அது. ஆண்ட்ராய்டில் யூடியூப் மியூசிக் கேட்பவருக்கு, அதே வேலையைச் செய்யும் கூகுள் காஸ்ட் வேண்டும். இதை ஊகித்து வாங்காதீர்கள், ஒவ்வொரு மாடலுக்கும் தனியாகப் பாருங்கள். ஒரே நிறுவனத்துக்குள்ளேயே மாறுகிறது: வீம் ஆம்ப்பில் ஏர்ப்ளே 2 உண்டு, அதற்குப் பின் வந்த, பெயரில் ‘ப்ரோ’ சேர்ந்த மாடலில் அது இல்லை. சோனோஸ் நிறுவனத்தின் பெட்டியில் ஏர்ப்ளே 2 உண்டு, கூகுள் காஸ்ட் கிடையாது.

யூடியூப் மியூசிக் வேறு, யூடியூப் வேறு என்பதையும் கவனியுங்கள். சாதாரண யூடியூபில் இருக்கும் பழைய கச்சேரிப் பதிவை, ஒலி மட்டும் தரும் காஸ்ட் சாதனத்துக்கு அந்தச் செயலியிலிருந்து அனுப்ப முடியாது. நம்மில் பலருடைய பொக்கிஷமே யாரோ ஒரு புண்ணியவான் யூடியூபில் ஏற்றிவைத்த வானொலிப் பதிவுகள்தான் என்பதால் இதைச் சொல்கிறேன். அவற்றை டிவி வழியாகவோ ப்ளூடூத் வழியாகவோதான் கேட்க வேண்டியிருக்கும்.

ஜியோசாவன், கானா போன்றவற்றுக்குப் பெரும்பாலான பெட்டிகளின் செயலிக்குள் இடமில்லை. உங்கள் போனில் அந்தச் செயலியைத் திறந்து, காஸ்ட் அடையாளம் தெரிகிறதா என்று இப்போதே பாருங்கள். தெரிந்தால் காஸ்ட் உள்ள பெட்டி வாங்குங்கள். வெளிநாட்டு விமர்சனங்களில் டைடல், கோபஸ் என்று வரும் பாட்டுச் செயலிகளின் பெயர்களை நம்பி மாடலைத் தேர்ந்தெடுக்காதீர்கள்; அவை நம் நாட்டில் முறைப்படி கிடைப்பதில்லை.

லாஸ்லெஸ், ஹை ரெஸ் எல்லாம் அவசியமா?

சிடியில் இருப்பது நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். அதை எதையும் இழக்காமல் தருவது லாஸ்லெஸ். அதைவிடக் கூடுதல் மாதிரிகளும் பிட்டும் கொண்டது ஹை ரெஸ். ஆப்பிள் மியூசிக் 2021இல் அதைக் கூடுதல் கட்டணமில்லாமல் கொடுத்தது. ஸ்பாட்டிஃபை 2025இல்தான் வந்து சேர்ந்தது. கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள், நஷ்டமில்லை. அதற்காகப் பெட்டியை மாற்றாதீர்கள். சுருக்கி அனுப்பும் 320 கிலோபிட் பாட்டுக்கும் சிடிக்கும் உள்ள வேறுபாட்டைவிட, ஒரே கச்சேரியின் நல்ல பிரதிக்கும் கேசட்டிலிருந்து கேசட்டாக மூன்று கை மாறி வந்த பிரதிக்கும் உள்ள வேறுபாடு பெரிது. 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் எழுதியிருப்பதால் 1962ஆம் வருட மோனோ ஒலிப்பதிவு எழுந்து உட்கார்ந்துவிடாது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இடைவெளி இல்லாமல் ஒரு ட்ராக்கிலிருந்து அடுத்ததற்குப் போவது. ராகம், தானம், பல்லவி மூன்றையும் மூன்று ட்ராக்காக வெட்டிப் போட்டிருப்பார்கள். தம்புரா ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு நொடி சுத்த மௌனம் விழுந்தால், யாரோ மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போட்டதுபோல இருக்கும். சில பெட்டிகளில், அதுவும் காஸ்ட் செய்யும்போது, இந்தக் குறை உண்டு. கடையில் வாட்டைக் கேட்பதற்குப் பதில் இதைப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள்.

டிவியின் சத்தத்தையும் இதில் கேட்கலாமா?

எச்டிஎம்ஐ ஆர்க் துளை உள்ள பெட்டியாக இருந்தால் கேட்கலாம். டிவியில் ‘ஆர்க்’ என்று எழுதிய துளைக்கும் இதற்கும் ஒரு கேபிள். டிவி ரிமோட்டிலேயே வால்யூம் மாறும். டிவியின் ஒலி அமைப்பை பிசிஎம் என்று மாற்றிவையுங்கள். இல்லாவிட்டால் டால்பி சிக்னல் வந்து, அதைப் புரிந்துகொள்ளாத பெட்டி மௌனமாக இருக்கும்; நீங்கள் பெட்டி கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள்.

மார்கழியில் சபாக்களின் இணைய ஒளிபரப்பைப் பார்ப்பவர்கள் இந்த வழியைத்தான் எடுக்க வேண்டும். படத்தைப் போனில் வைத்துக்கொண்டு ஒலியை மட்டும் வைஃபையில் அனுப்பினால் பல சமயம் ஒன்றிரண்டு நொடி தாமதம் வந்து, வித்வான் வாயை மூடிய பிறகு நிரவல் கேட்கும்.

வீட்டில் பெரியவர்கள் போன் இல்லாமல் இதை இயக்க முடியுமா?

இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. முதலில் வாங்கிய பெட்டி பார்க்க அழகு; முன்பக்கம் ஒரு பொத்தான்கூடக் கிடையாது. எல்லாம் செயலிக்குள். அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது, காலையில் காபியோடு வானொலி கேட்டே பழகியவர். மூன்று நாள் என் மனைவியின் போனில் எங்கே தொட வேண்டும் என்று கேட்டார். நான்காம் நாள் பரணிலிருந்து பழைய ட்ரான்சிஸ்டரை இறக்கச் சொல்லி, ஏரியலை ஜன்னல் கம்பியில் சாய்த்துவைத்துவிட்டார். அதுதான் அந்தப் பெட்டி பற்றி எனக்குக் கிடைத்த நேர்மையான விமர்சனம்.

அடுத்து வாங்கியதில் குமிழும் உண்டு, ரிமோட்டில் எண் பொத்தான்களும் உண்டு. 1 என்ற பொத்தானில் ஆகாசவாணியின் இணைய ஒலிபரப்பை முன்கூட்டியே பதிந்து வைத்திருக்கிறேன். 2 நாகஸ்வரம். 3 அவருடைய அறுபதுகளின் பாடல்கள். பொத்தான்களின் மேல் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் எழுதியிருக்கிறது. ட்ரான்சிஸ்டர் திரும்பப் பரணுக்குப் போய்விட்டது.

ஆகவே என் பட்டியலில் குமிழும் முன்பதிவுப் பொத்தானும் 20 வாட் அதிகத்தைவிட மேலே நிற்கும்.

இது எத்தனை வருடம் உழைக்கும்?

இரண்டு பதில்கள். உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் பதினைந்து இருபது வருடம் ஓடலாம். உள்ளே இருக்கும் கணினியின் ஆயுள் அதை எழுதிய நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

2024 மே மாதம் சோனோஸ் தன் செயலியை அடியோடு புதிதாக எழுதி வெளியிட்டது. அலாரம், பாட்டு வரிசையைத் திருத்துவது போன்று அதுவரை இருந்த வசதிகள் புதியதில் காணாமல் போயிருந்தன. வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள், தலைமை அதிகாரி பேட்ரிக் ஸ்பென்ஸ் மன்னிப்புக் கேட்டார், 2025 ஜனவரியில் பதவியிலிருந்தும் விலகினார். கூடத்தில் இருந்த பெட்டிகளில் ஒரு திருகுகூடக் கழலவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே 2025 மார்ச்சில், உள்ளே இருந்த பாதுகாப்புச் சான்றிதழின் காலம் முடிந்துவிட்டதால் கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ என்ற சின்ன ஸ்ட்ரீமர்கள் உலகெங்கும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன. சில நாட்களில் சரிசெய்தார்கள். விற்பனையை 2019லேயே நிறுத்திவிட்ட பொருளுக்கு அதாவது செய்தார்களே என்று இருந்தது.

இதற்கு ஒரு காப்பீடு உண்டு: பெட்டியின் பின்னால் ஆக்ஸ் அல்லது லைன் இன் துளை இருக்க வேண்டும். நாளைக்குக் கணினிப் பகுதி செத்தாலும், புதிய ஸ்ட்ரீமர் ஒன்றை அதில் மாட்டி, பெட்டியைச் சாதாரண ஆம்ப்ளிஃபயராக ஓட்டலாம். இந்தத் துளை இல்லாத பெட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

கடையில் கேட்டது தெளிவாக இருந்தது. வீட்டில் இரைச்சலாக இருக்கிறதே?

உங்கள் பெட்டியில் தப்பில்லை, உங்கள் தரையில் இருக்கிறது. நம் கூடங்கள் டைல்ஸ் தரை, பூச்சுச் சுவர், கண்ணாடி ஜன்னல். கூடத்தின் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். ‘டங்ங்’ என்று ஒரு வால் தொடர்ந்தால், பாடகரின் ஒவ்வொரு எழுத்துக்கும் அந்த வால் ஒட்டிக்கொள்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டில் ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவில் ஒரு பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தோம். ஜன்னலுக்குக் கனத்த திரை இழுத்துவிட்டோம். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் நகர்த்தி, கேட்பவர் காது உயரத்துக்கு ஸ்டூலில் ஏற்றினோம். அதே பாட்டு, அதே பெட்டி. உள்ளே காபி கலந்துகொண்டிருந்த அவருடைய அம்மா எட்டிப் பார்த்து, “புதுசு வாங்கிட்டீங்களா?” என்றார். சில பெட்டிகளில் போனின் மைக் வழியாக அறையை அளந்து ஒலியைத் திருத்தும் வசதி இருக்கிறது; தாழ்ந்த ஒலிகளின் கும்மலைக் குறைக்க அது உதவும். எதிரொலியை அதனால் போக்க முடியாது. முதலில் ஜமக்காளம், பிறகு செயலி.

ஸ்பீக்கர் வயர் எது வாங்குவது?

எலெக்ட்ரிக்கல் கடையில் ஒன்றரை ஸ்கொயர் எம்எம் செம்பு ட்வின் வயர். ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போய்த் திரும்பும் மொத்த மின்தடை 0.12 ஓம் அளவுதான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமேயில்லை. மீட்டர் ஆயிரக்கணக்கில் விற்கும் வயருக்குப் பதில் அந்தப் பணத்தில் ஜமக்காளம் வாங்குங்கள்.

சிவப்பு சிவப்போடு, கருப்பு கருப்போடு. இது தெரியாதவர் யார் என்று நினைத்தவன் நான். ஒரு முறை வீடு வெள்ளையடித்த பிறகு அவசரத்தில் ஒரு பக்கத்தை மாற்றி மாட்டிவிட்டு, இரண்டு வாரம் ‘பேஸே வரவில்லை, ஆம்ப்ளிஃபயர் போய்விட்டது’ என்று புலம்பிக்கொண்டிருந்தேன். ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் தலைக்குள் சுற்றுவதுபோலக் கேட்டால் முதலில் வயரைப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்த வகைப் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் கருப்பு முனை எர்த் கிடையாது. அதிலும் சிக்னல் ஓடுகிறது. இரண்டு பக்கக் கருப்பையும் ஒன்றாக முறுக்குவது, பழைய காலத்து ஸ்பீக்கர் செலக்டர் பெட்டி வழியாக இணைப்பது, இரண்டும் பெட்டியைச் சாகடிக்கும்.

பாட்டு அடிக்கடி அறுந்துபோகிறது. பெட்டி கெட்டதா?

ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். பத்தில் ஏழு வீட்டில் வாசல் பக்கம், செருப்பு அலமாரிக்கு மேல், இடையில் ஓர் இரும்பு பீரோ. சிடி தரத்துப் பாட்டுக்கு நொடிக்கு 1.4 மெகாபிட் போதும், ஆகவே இணைய வேகத்தைக் கூட்டிப் பயனில்லை. பெட்டியை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சேர்த்துப் பாருங்கள். சுவரைத் தாண்டுவதில் அது 5ஐவிடக் கெட்டி. முடிந்தால் லேன் கேபிளே இழுத்துவிடுங்கள், பிரச்சினை அன்றோடு தீரும்.

செயலிக்குப் பெட்டியே தெரியவில்லை என்றால் வேறு காரணம். ஃபைபர் மோடம் ஒரு வைஃபை, தனியாக வாங்கிய ரவுட்டர் இன்னொரு வைஃபை என்று வீட்டில் இரண்டு ஓடும். போன் ஒன்றிலும் பெட்டி மற்றொன்றிலும் இருக்கும். இரண்டையும் ஒன்றில் சேருங்கள்.

மின்வெட்டு, இடி, வோல்டேஜ்?

கிளாஸ் டி பெட்டிகளில் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் மின்வழங்கி இருப்பதால் தனி ஸ்டெபிலைசர் தேவையில்லை. ஒரு நல்ல ஸ்பைக் பஸ்டர் போதும். ஐப்பசி, கார்த்திகையில் இடி உறுமத் தொடங்கினால் பிளக்கைப் பிடுங்குங்கள், லேன் கேபிளையும் சேர்த்து. இடி அந்த வழியாகவும் வரும். வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கிவருவதாக இருந்தால் பின்பக்கம் எழுதியுள்ள வோல்டேஜைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 120 என்று மட்டும் இருந்தால் வேண்டாம். அப்படி வந்ததற்கு இங்கே வாரன்டி கிடைக்காது என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். இளஞ்சூடான இடம் பல்லிக்கும் எறும்புக்கும் பிடிக்கும்.

இசைத்தட்டு ப்ளேயரை இணைக்கலாமா?

நேராக முடியாது. ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். இடையில் அதைப் பெருக்கித் தரும் ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும். சில ப்ளேயர்களில் அது உள்ளேயே இருக்கிறது, பின்னால் ‘ஃபோனோ/லைன்’ என்று ஒரு ஸ்விட்ச் தெரியும்.

சப்வூஃபர்?

தாழ்ந்த ஒலிகளுக்கென்றே தனியாக வைக்கும் ஸ்பீக்கர் அது. தனி வீடானால் யோசிக்கலாம். அபார்ட்மென்டில் அது கீழ்வீட்டுக்காரருக்கு நீங்கள் வாங்கித் தரும் சாதனம். சப் அவுட் துளை மட்டும் இருக்கட்டும், பின்னால் வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, ஒரு பெயரைச் சொல்லுங்கள்.

சிறிய, நடுத்தரக் கூடத்துக்கு, முதல் முறை வாங்குபவருக்கு: வீம் ஆம்ப். 2023இல் அமெரிக்காவில் 299 டாலருக்கு அறிமுகமானது. 8 ஓமில் 60 வாட், எச்டிஎம்ஐ ஆர்க், லைன் இன், சப் அவுட், ரிமோட் எல்லாம் இருக்கின்றன. அழகில் அதிகம் மெனக்கெடவில்லை, பரவாயில்லை. வீடு முழுக்கப் பல அறைகளில் ஒரே நேரம் பாட்டு வேண்டும், ஏற்கெனவே அந்த நிறுவனத்தின் ஸ்பீக்கர்கள் இருக்கின்றன என்றால் சோனோஸ் ஆம்ப்; 125 வாட், கட்டுமானம் கெட்டி. ஆனால் ப்ளூடூத்தும் இல்லை, பெட்டியோடு ரிமோட்டும் வராது, என் அப்பா வீட்டுக்கு ஆகாது. கையில் பணம் இருந்து, பென்டிரைவிலும் ஹார்ட் டிஸ்கிலும் சேர்த்துவைத்த சொந்தத் தொகுப்பும் பெரிதாக இருந்தால் ப்ளூசவுண்ட் பவர்நோட். அதன் செயலி சொந்தக் கோப்புகளை அடுக்குவதில் நிதானமானது. இந்த மூன்றில் எதை வாங்கினாலும் ஒலிக்காக வருத்தப்படமாட்டீர்கள்.

வாங்கியாயிற்று. திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் எதைப் பார்ப்பது?

முதல் நாள் இரவு, எல்லோரும் தூங்கிய பிறகு, பாட்டு எதுவும் போடாமல் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதை வையுங்கள். ஒரு கை தூரத்திலும் ‘ஸ்ஸ்’ என்று கேட்டால் சரியில்லை. மிகக் குறைந்த வால்யூமில் இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா பாருங்கள். மெயின் ஸ்விட்சை அணைத்துப் போட்டு, ரவுட்டர் எழுந்த பின் பெட்டி தானாக வைஃபையைப் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் நீங்கள் வீட்டில் இருக்கமாட்டீர்கள். ஒரு முழுக் கச்சேரியை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். பிறகு ரிமோட்டை வீட்டில் மூத்தவர் கையில் கொடுத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். அட்டைப்பெட்டியை அதுவரை கிழிக்க வேண்டாம்.